குடும்பத்தைப் படிக்கவும் ஒரு படிப்பு

'கவுன்சிலிங்' என்று சொன்னால் நம் தமிழ்க் குடும்பங்களில் முதலில் நினைவுக்கு வருவது இன்ஜினீயரிங் சீட்தான். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பெல்லாம் "பையனுக்குக் கவுன்சிலிங் எப்போ, கட்-ஆஃப் எவ்வளவு" என்பதாகவே இருக்கும். கல்லூரியில் இடம் ஒதுக்கிக் கொடுக்கும் ஓர் அலுவலக நடைமுறைக்கு இந்தப் பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது. அதே பெயரில் ஒரு கல்வித்துறை இருக்கிறது. கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளை, மாமியார் மருமகள் என்று வீட்டுக்குள் நடப்பதை முறையாகப் படித்து, பிரியும் நிலைக்கு வந்துவிட்டவர்களுக்கு உதவப் பயிற்சி தருகிற படிப்பு. அதில் முதுகலைப் பட்டம் வரை நம் பெங்களூரிலேயே வாங்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். "அதெல்லாம் ஒரு படிப்பா சார்?" என்பார்கள்.

அது படிப்புதான் என்பதும், நம் பிள்ளைகளில் சிலராவது அதைப் படிக்க வேண்டும் என்பதும், அதிலும் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டும் என்பதும் என் கருத்து. நான் டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்பில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். மனவியல் பண்டிதன் அல்லன். கேட்டதையும் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகளாக வசிக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. தகப்பனார் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மூத்த பெண் பி.ஏ.வில் உளவியலை ஒரு பாடமாக எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். மேற்கொண்டு கவுன்சிலிங் படிக்கிறேன் என்றாள். தகப்பனாருக்கு எம்.பி.ஏ. மேல் ஆசை. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பா சார்" என்று என்னிடம் வந்தார்.

"ஊரான் வீட்டுச் சண்டையைத் தீர்க்க ரெண்டு வருஷம் காலேஜுக்குப் போகணுமா? எங்க பாட்டி கையெழுத்துப் போடத் தெரியாதவங்க. எத்தனை குடும்பத்தைச் சேர்த்து வெச்சிருக்காங்க தெரியுமா?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல பொண்ணு என்ன படிச்சிருக்குன்னு கேட்டா இதைச் சொன்னா பயந்துட மாட்டாங்களா?" என்றும் கேட்டார். இரண்டாவது கேள்விக்கு இருவருமே சிரித்துவிட்டோம். முதல் கேள்வி சிரித்துத் தள்ளக்கூடியது அன்று.

அந்தப் பாட்டியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அவர் எந்தச் சூழ்நிலையில் அந்த வேலையைச் செய்தார் என்று பார்க்க வேண்டும். சண்டை போட்ட இரண்டு வீடும் ஒரே தெருவில், அல்லது அடுத்த ஊரில். கல்யாணத்துக்கு முன்பே இரண்டு வீட்டையும் அவருக்குத் தெரியும். மருமகள் கிணற்றடிக்கு வரும்போதே முகத்தைப் பார்த்து, "என்னடி, ராத்திரி சாப்பிட்டியா?" என்று கேட்டுவிடுவார். எங்கள் ரயில்வேயில் கீமேன் என்று ஒருவர் உண்டு. தினமும் காலையில் சுத்தியலை எடுத்துக்கொண்டு தன் பங்குக்குரிய பாதையை நடந்தே பார்த்து, தளர்ந்திருக்கும் கிளிப்பைத் தட்டி இறுக்கிவிட்டுப் போவார். பாட்டி செய்தது அந்த வேலை. விஷயம் சிறிதாக இருக்கும்போதே அவர் கண்ணில் பட்டுவிடும்.

நாம் அந்தத் தெருவை விட்டு வந்துவிட்டோம். இங்கே பக்கத்து ஃப்ளாட்டில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது. தெரிந்தாலும் கேட்பது நாகரிகம் இல்லை என்று இருந்துவிடுகிறோம். ஊரில் உள்ள பாட்டிக்குத் தொலைபேசியில் "நல்லா இருக்கோம்" என்பதுதான் போய்ச் சேருகிறது. பிறகு ஒருநாள் வக்கீல் நோட்டீஸ் வரும்போதுதான் இரண்டு குடும்பத்துக்கும் செய்தி தெரிகிறது.

இதற்குக் கோலார் தங்கவயலைவிட வேறு உதாரணம் தேவையில்லை. 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடப்பட்டது. மூன்று நான்கு தலைமுறையாக லைன் வீடுகளில் அடுத்தடுத்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் அவை. ஷிப்டு முடிந்து மேலே வந்த மனிதன் பத்து நிமிடத்தில் வீட்டில் இருப்பான். சுரங்கம் போன பிறகு மாரிக்குப்பத்தில் விடிவதற்கு முன் ரயிலேறி பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவு திரும்புகிற வாழ்க்கை ஆயிரக்கணக்கானோருக்கு வந்தது. பங்காருப்பேட்டைப் பகுதியில் நான் வேலை பார்த்த நாட்களில் அந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். சீட்டு விளையாடுவார்கள், பாடுவார்கள், நின்றுகொண்டே தூங்குவார்கள். பிள்ளைகள் விழித்திருக்கும்போது தகப்பன் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும் தகப்பன் பிள்ளைகளுக்குப் புது மனிதன். அவன் அதட்டுவான், அவர்கள் முறைப்பார்கள், நடுவில் தாய். சம்பளம் குறைந்தது பற்றி எல்லோரும் பேசினார்கள். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

"அப்படியானால் இங்கேயும் நாலு பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசலாமே" என்பீர்கள். பேசத்தான் செய்கிறோம். அப்படி ஒரு பேச்சுவார்த்தையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். உடன் வேலை பார்த்த நண்பர் ஒருவரின் மகனுக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை. ஹாலில் பதினொரு பேர். பெண் வீட்டார் ஆறு, பையன் வீட்டார் ஐந்து. நகைக் கணக்கு வந்தது, சீமந்தத்துக்கு யார் வரவில்லை என்பது வந்தது, பையனின் சித்தப்பா நாற்காலி போடப்படாமல் நின்றது வந்தது. மூன்று மணி நேரத்தில் அந்தப் பெண் பேசியது இரண்டே வாக்கியம். அதில் இரண்டாவதை அவளுடைய மாமாவே பாதியில் வெட்டிவிட்டார்.

அந்த ஹாலில் கெட்டவர்கள் யாரும் இல்லை. ஆனால் அத்தனை பேரும் ஏதோ ஒரு பக்கத்து உறவு. ரயில்வேயில் பெரிய விபத்து நடந்தால் விசாரிப்பவர் ரயில்வே பாதுகாப்பு ஆணையர். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. தெற்கு வட்டத்துக்கான ஆணையர் அலுவலகம் இதே பெங்களூரில்தான் இருக்கிறது. ரயிலை ஓட்டுகிறவர்களே ரயில் கவிழ்ந்ததை விசாரித்தால் சரிவராது என்பதற்காக வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1941இல், அந்தப் பிரிவை ரயில்வே வாரியத்திலிருந்து பிரித்து வைத்தார்கள். இரும்புத் தண்டவாளத்துக்கு இவ்வளவு யோசித்திருக்கிறோம்.

இனி அந்தப் படிப்பில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம். அந்தப் பெண்ணின் புத்தகங்களை வாங்கிப் புரட்டினேன். புரியாததை அவளிடமே கேட்டேன்.

முதலில் ஒரு படம் போடக் கற்றுக்கொடுக்கிறார்கள். மூன்று தலைமுறைக் குடும்பத்தை ஒரே தாளில் வரைவது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்; யாருக்கு யாரோடு நெருக்கம், யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதற்கெல்லாம் தனித்தனிக் கோடுகள். ஜெனோகிராம் என்று பெயர். எனக்கு இது உடனே பிடித்துவிட்டது, ஏனென்றால் ஸ்டேஷன் யார்டு வரைபடம் பார்ப்பது போலவே இருக்கிறது. பேச்சில் ஒரு மணி நேரம் சுற்றி வருவது படத்தில் ஒரு பார்வையில் தெரிகிறது. தாத்தா காலத்தில் அண்ணன் தம்பி பேசாமல் இருந்தார்கள், அப்பா காலத்திலும் அப்படியே, இப்போது பிள்ளைகளும் பேசுவதில்லை என்பதைத் தாளில் பார்க்கும்போது, இது இன்றைய சொத்துத் தகராறு மட்டும்தானா என்ற கேள்வி வருகிறது.

அமெரிக்காவில் மர்ரே போவன் என்ற மருத்துவர் ஒருவர் முக்கோணம் பற்றி எழுதியிருக்கிறார். இருவருக்கிடையே இறுக்கம் அதிகமானால் அவர்கள் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். இழுத்தவுடன் கொஞ்சம் ஆசுவாசம் கிடைக்கும், ஆனால் மூலப் பிரச்சினை அப்படியே இருக்கும் என்பது அவர் கண்டது. தாய், மகன், மருமகள் என்று நம் வீட்டுப் பெயர்களைப் போட்டுப் பார்த்தால் போதும், விளக்கவுரை வேண்டாம். சால்வடார் மினுச்சின் என்பவர் அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர். சாப்பிட மறுத்து உடல் மெலிந்துபோகும் பெண் பிள்ளைகளுக்குச் சிகிச்சை தரும்போது, குடும்பம் முழுவதையும் வரவழைத்து, அவர்களோடு உட்கார்ந்து மதிய உணவு சாப்பிடுவாராம். யார் ஊட்டுகிறார்கள், யார் அதட்டுகிறார்கள், யார் பார்க்காதது போல் இருக்கிறார்கள் என்பதைக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்வதைவிடச் சாப்பாட்டில் பார்த்துவிடலாம் அல்லவா? நம் பாட்டிக்கும் இது தெரிந்திருக்கும். ஆனால் மினுச்சின் தான் கவனித்ததை எழுதி வைத்தார், மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பாட்டியின் கலை பாட்டியோடு போய்விட்டது.

இதற்கு மேல் பயிற்சி. மேற்பார்வையாளர் ஒருவரின் கண்காணிப்பில் உண்மையான குடும்பங்களோடு உட்கார வேண்டும். நடந்ததை எழுதி, "இந்த இடத்தில் நீ ஏன் புத்தி சொன்னாய்? அவர் இன்னும் பேசி முடிக்கவில்லையே" என்று ஆசிரியர் திருத்துவார். கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது என்பது அடிப்படை விதி. நம்மில் எத்தனை பெரியவர்களால் அந்த ஒரு விதியைக் காப்பாற்ற முடியும்? எங்கள் குடியிருப்பில் மாலை நேர பெஞ்சில் சொன்னது இரவுச் சாப்பாட்டுக்குள் நாலாவது மாடிக்குப் போய்விடும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் சரக்கு, நமக்கு ஒத்துவராது என்று சொல்பவர்கள் வேலூரை நினைத்துப் பார்க்க வேண்டும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் தொடங்கியபோதே நோயாளியோடு குடும்பத்தினரும் வந்து தங்க வேண்டும் என்று வைத்தார்கள். அதே பத்தாண்டுகளில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர், மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்துக் குடும்பத்தாரை நோயாளிகளோடு தங்க வைத்தார். போவன் வாஷிங்டன் அருகே குடும்பங்களை வார்டில் தங்க வைத்துப் பார்த்ததும் 1950களில்தான். அவர்கள் ஆராய்ச்சிக்காகச் செய்தார்கள்; இங்கே போதிய நர்சுகள் இல்லாததும் ஒரு காரணம். காரணம் எதுவாயினும், குடும்பத்தை வெளியே நிறுத்திவிட்டு ஒருவரை மட்டும் குணப்படுத்த முடியாது என்பதை நம் மருத்துவர்கள் யாருக்கும் பிந்திக் கண்டுகொள்ளவில்லை. 1974இல் உருவான நிம்ஹான்ஸில் குடும்ப மனநலத்துக்கென்று தனி மையமே உண்டு. ஓசூர் சாலையில் பேருந்தில் போகும்போது அந்தக் கட்டடத்தைக் காட்டிப் பிள்ளைகளிடம் கேலி பேசுவதை நம்மவர்கள் விட்டுவிடலாம்.

எங்கே படிப்பது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிறிஸ்ட் பல்கலைக்கழகத்திலும், இந்திரா நகர் மான்ஃபோர்ட் கல்லூரியிலும் ஆலோசனை உளவியல் படிக்கலாம். நிம்ஹான்ஸில் மனநல சமூகப்பணித் துறை இருக்கிறது. சேஷாத்ரி சாலை மனையியல் கல்லூரியில் மனித வளர்ச்சி என்ற பாடம் உண்டு. அந்த நாளில் ஹோம் சயின்ஸ் என்றால் சமையலும் தையலும் என்று நினைத்து, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்களைச் சேர்த்துவிட்டார்கள். குடும்ப உறவுகள் என்பதும் அதில் ஒரு பாடமாக இருந்ததைப் பெற்றோர் கவனிக்கவே இல்லை. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஆலோசனையும் குடும்ப சிகிச்சையும் என்று எம்.எஸ்ஸி. ஒன்றையே ஏற்படுத்தியது. ஆனால் அஞ்சல் வழியில் எளிதாக முடித்துவிடலாம் என்று எண்ணுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உளவியல் உள்ளிட்ட, சுகாதாரம் சார்ந்த படிப்புகளைத் தொலைதூரக் கல்வியிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் அறிவித்துவிட்டது. எனக்கு இது சரியென்றே படுகிறது. தண்டவாளத்தைத் தொடாமல் புத்தகத்தில் படித்தவனை நான் பாதைக்கு அனுப்பியிருக்க மாட்டேன். இரண்டு வாரச் சான்றிதழ் வகுப்பு முடித்து வாசலில் போர்டு மாட்டுகிறவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். எங்கே படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் எவ்வளவு காலம் பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்பதில் தவறே இல்லை.

வேலை? மென்பொருள் சம்பளம் வராது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. குடும்ப நீதிமன்றங்களில் 1984ஆம் ஆண்டுச் சட்டப்படியே ஆலோசகர்களுக்கு இடம் உண்டு. தீர்ப்புச் சொல்வதற்கு முன் சமரசத்துக்கு முயல்வது நீதிமன்றத்தின் கடமை என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. நம் ஊரில் அது நியாய தேகுலா கட்டடத்தில் நடக்கிறது. ஒருநாள் காலையில் அங்கே போய் அந்தத் தாழ்வாரத்தில் நின்று பாருங்கள். மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களிடையே தமிழ்ப் பேச்சு காதில் விழாமல் திரும்ப மாட்டீர்கள்.

சமரசம் என்றதும் இன்னொன்று. எப்படியாவது சேர்த்து வைப்பதுதான் கவுன்சிலரின் வேலை என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வீட்டில் அடி உதை இருக்கிறதா என்று இருவரையும் தனித்தனியே கேட்க வேண்டும் என்பதை இந்தப் படிப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள். இருந்தால், முதலில் அடிபடுகிறவளின் பாதுகாப்பு, பேச்சுவார்த்தையெல்லாம் பிறகு. நம் ஹாலில் கூடும் பெரியவர்கள் என்ன சொல்வார்கள் என்று நமக்குத் தெரியும். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பார்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பழமொழி நம் வீடுகளில் உலவுகிறது. பாட்டி சேர்த்து வைத்த குடும்பங்களில் எத்தனை பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சேர்ந்திருந்தார்கள் என்ற கணக்கு நம்மிடம் இல்லை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மொழி.

பேச்சுவார்த்தை நடந்ததாகச் சொன்னேனே, அந்த நண்பர் குடும்பம் பிறகு ஒரு கவுன்சிலரிடம் போனது. நல்ல படிப்பு, நல்ல அனுபவம் உள்ள அம்மையார். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. மகனும் மருமகளும் ஆங்கிலத்தில் பேசினார்கள். என் நண்பரின் மனைவிக்கு ஆங்கிலம் கொஞ்சம் புரியும், பேச வராது. கன்னடம் காய்கறி வாங்கும் அளவுக்கு. ஒரு மணி நேரம் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய முறை வந்தபோது தமிழில் சொன்னார், மகன் மொழிபெயர்த்தான். சண்டையில் ஒரு கட்சிக்காரனே மொழிபெயர்ப்பாளன்! தாய் சொன்னது, "எனக்கு மனசு விட்டுப்போச்சு." மகன் அதை அவள் வருத்தமாக இருக்கிறாள் என்று சொல்லி முடித்துவிட்டான்.

மனசு விட்டுப்போவது வருத்தம் மட்டுமா? இனி இதில் எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று கையை எடுத்துவிட்ட நிலை அது. "முகம் கொடுத்துப் பேசுறதில்ல" என்று ஒரு மாமியார் சொல்வதற்கும் "பேசுவதில்லை" என்பதற்கும் உள்ள தூரம் தமிழ் தெரிந்தவருக்குத்தான் தெரியும். மாமியார் மருமகளை நேரில் வைத்துக்கொண்டே "அவங்க வருவாங்க, அவங்களுக்கு நேரம் இருந்தா" என்று பன்மையில் சொல்கிறார் என்று வையுங்கள். ஆங்கிலத்தில் அது ஒன்றுமே இல்லை. நமக்கு அது ஒரு முழுச் சண்டை. பத்து வருஷம் "என்னங்க" என்று கூப்பிட்ட மனைவி, இப்போது எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் சுவரைப் பார்த்துப் பேசுகிறாள் என்பதைக் கவனிக்கவும் தமிழ்க் காது வேண்டும்.

படித்த இளைஞர்கள் ஆங்கிலத்தில் சமாளித்துக்கொள்வார்கள். வீட்டில் மூத்தவர்களும், சிவாஜி நகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தினக்கூலிக்குப் போகும் குடும்பங்களும் எங்கே போவார்கள்? மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி உதவி 2022 முதல் இருக்கிறது. 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குடும்பமாக எதிரே உட்கார்ந்து பேசத் தமிழ் தெரிந்தவர் வேண்டும். அவரை வேறு யார் தருவார்கள்? கன்னடம் பள்ளியிலும் ஆங்கிலம் கல்லூரியிலும் தமிழ் வீட்டிலும் கற்ற நம் பிள்ளைகளுக்கு இருக்கும் வசதி சென்னையில் படிக்கும் பிள்ளைக்குக்கூட இல்லை. கலப்புத் திருமணங்கள் பெருகிவரும் இந்த ஊரில் ஒரு பக்கத்தாரிடம் தமிழிலும் மறுபக்கத்தாரிடம் கன்னடத்திலும் பேசத் தெரிந்தவர் எவ்வளவு பெரிய உதவி!

அந்தப் பெண்ணின் தகப்பனாரிடம் இதைத்தான் சொன்னேன். எம்.பி.ஏ. படித்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்றும் சொன்னேன். யோசித்துவிட்டு, "சரி சார், ஆனா சொந்தக்காரங்க கேட்டா சைக்காலஜின்னு மட்டும் சொல்லிக்கிறோம்" என்றார். அவள் இப்போது முதல் ஆண்டு படிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத வராது. ஞாயிறு காலைகளில் எழுத்துக்கூட்டிப் படிக்க என்னிடம் வருகிறாள்.

நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், முறையாகப் படித்த, தமிழ் தெரிந்த ஆலோசகர் ஒருவரை வரவழைத்து உட்கார வைக்க ஓர் அறை ஒதுக்குங்கள். அவருக்குரிய கட்டணத்தைச் சங்கம் கொடுக்கட்டும். பட்டிமன்றத்துக்குப் பேச்சாளரை அழைத்து வரும் செலவில் பல மாதங்களுக்கு ஓடும். மேடைப் பக்கத்து அறை வேண்டாம், அங்கே எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். மாடியில், தமிழ் வகுப்பு நடக்கும் அறைக்கு எதிரே ஒன்று பூட்டியே கிடக்கிறது. வகுப்பில் பிள்ளையை விட வந்தது போலவே வந்து போகலாம். யார் வந்தார்கள் என்று வருகைப் பதிவேடு வைக்கக் கூடாது, ஆண்டறிக்கையில் புகைப்படம் போடக் கூடாது. கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் சரியில்லை, அதை நானே வந்து மாற்றித் தருகிறேன்.